தட்டைத் தனியாக வைத்துவிட்டார்கள்: ஹெபடைட்டிஸ் பி உள்ள கர்ப்பிணி வாசகிக்கு ஒரு மருத்துவரின் பதில்

பர்மாவின் மோல்மேன் நகரத்துக்குத் தெற்கே, ரப்பர் தோட்டங்களுக்கு நடுவிலுள்ள ஓர் ஊரிலிருந்து இந்தச் சகோதரி எழுதியிருக்கிறார். வயது 25. ஐந்து மாதக் கர்ப்பம். நான்கு வயதில் ஒரு மகன். கர்ப்பகாலப் பரிசோதனைக்குப் போன இடத்தில் ரத்தம் எடுத்திருக்கிறார்கள். முடிவை வாங்க வரிசையில் நின்றபோது அங்கிருந்த ஊழியர், “உனக்கு பீ போ இருக்கு” என்று பர்மியில் எல்லார் காதிலும் விழும்படி சொல்லிவிட்டார். கல்லீரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் பி கிருமிக்கு அங்கே அதுதான் பெயர். கூடவே போன மாமியாருக்கும் கேட்டுவிட்டது.

அன்று ராத்திரியே இவருடைய தட்டும் டம்ளரும் தனி அலமாரிக்குப் போய்விட்டன. டம்ளரின் காதில் அடையாளத்துக்குச் சிவப்பு நூல். துணியும் தனியாகத் துவைக்க வேண்டும். காலையில் வெறும் வயிற்றில் கீழாநெல்லி அரைத்துப் பாலில் கலந்து கொடுக்கிறார்கள். எண்ணெய், மீன், உப்பு மூன்றும் நிறுத்தம். கணவர் இரண்டு மாதத்தில் மலேசியாவுக்கு வேலைக்குப் போக ஏஜென்டிடம் முன்பணம் கட்டியிருக்கிறார். “எனக்கு இல்லாத நோய் உனக்கு எப்படி வந்தது?” என்று கேட்கிறார். அவர் ரத்தம் கொடுத்துப் பார்க்கவில்லை. “கிளம்பும் வரைக்கும் எங்கேயும் ரத்தம் பார்க்காதே” என்பது ஏஜென்டின் யோசனை. தாய்ப்பால் கொடுக்கக் கூடாது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். ஊர்ப் பேச்சுக்குப் பயந்து, மூத்தவனைப் போலவே இதையும் வீட்டிலேயே மருத்துவச்சியை வைத்துப் பெற்றுக்கொள்வதாக இருக்கிறார். இவருடைய 12 வயதில் தாயார் வயிறு வீங்கி, ரத்த வாந்தி எடுத்து இறந்திருக்கிறார். ஊரில் செய்வினை என்றார்களாம். அண்ணன் ஒருவர் இருக்கிறார், குடிப்பவர், அவ்வப்போது கண் மஞ்சளாகும். கடிதத்தின் கடைசி வரி: “எங்கள் இரண்டு பேருக்கும் அம்மா மாதிரியே ஆகிவிடுமா?”

அன்புச் சகோதரி,

மற்றதைப் பிறகு பேசலாம். வீட்டுப் பிரசவம் என்கிற எண்ணத்தை மட்டும் இன்றே விட்டுவிடுங்கள். குழந்தை பிறந்து 24 மணி நேரத்துக்குள் அதற்கு ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி போட்டாக வேண்டும். குளிரில் வைத்துக் காக்க வேண்டிய மருந்து அது. மருத்துவச்சியின் பையில் இருக்காது. மறுநாள் பார்க்கலாம், ஒரு வாரம் கழித்துப் போகலாம் என்று தள்ளினால் ஊசியின் பலன் குறைந்துகொண்டே போகும். ஊர் பேசுமே என்று நீங்கள் எடுத்த முடிவுக்கான விலையைக் குழந்தை கொடுக்க வேண்டியிருக்கும். ஊர் எப்படியும் பேசத்தான் போகிறது.

எங்கிருந்து வந்தது?

உங்கள் கணவரின் கேள்விக்கு எந்த ரத்தப் பரிசோதனையும் நேரடியாகப் பதில் சொல்லாது. கிருமி எந்த வருடம் நுழைந்தது, யாரிடமிருந்து வந்தது என்று காட்டும் பரிசோதனை கிடையாது. ஆனால் மருத்துவர்களுக்குத் தெரிந்த ஒரு கணக்கு உண்டு. வளர்ந்த ஆளுக்கு இந்தக் கிருமி தொற்றினால், நூற்றுக்கு 95 பேருக்கு உடம்பே சில மாதங்களில் அதை விரட்டிவிடும். பிறக்கும்போது தொற்றினால் கணக்கு தலைகீழ்: நூற்றுக்கு 90 குழந்தைகளின் உடம்பில் அது நிரந்தரமாகத் தங்கிவிடும். பச்சைக் குழந்தையின் உடம்புக்கு அதை எதிரி என்று அடையாளம் தெரியாததால் சண்டை போடாமல் விட்டுவிடுகிறது. அதனால் நம் பகுதி நாடுகளில் 25 வயதில் ஒருவருக்கு இந்தக் கிருமி தங்கியிருந்தால், அது தாயிடமிருந்தோ ஐந்து வயதுக்குள் வீட்டிலோ வந்திருக்கத்தான் வாய்ப்பு மிக அதிகம்.

உங்கள் தாயாரைப் பற்றி எழுதியதைப் படித்ததும் பாதி விஷயம் விளங்கிவிட்டது. வயிற்றில் நீர் கோத்து வீங்குவதும் ரத்த வாந்தியும், கல்லீரல் சுருங்கிப்போனவர்களிடம் நாங்கள் அடிக்கடி பார்ப்பவை. அவரைப் பரிசோதிக்காமல் அடித்துச் சொல்ல எனக்கு உரிமையில்லை. ஆனாலும் தாய் அப்படி இறந்து, மகனுக்குக் கண் மஞ்சளாகி, மகளுக்குப் பரிசோதனையில் கிருமி தெரிகிறது என்றால், செய்வினையைவிட இது ஒரு குடும்பத்துக்குள் பிரசவத்தின் வழியே இறங்கி வந்த கிருமி என்பதே பொருத்தமான விளக்கம். பர்மாவின் தடுப்பூசித் திட்டத்தில் ஹெபடைட்டிஸ் பி 2003-லிருந்துதான் படிப்படியாகச் சேர்ந்தது. நீங்களும் அண்ணனும் அதற்கு முன் பிறந்தவர்கள். உங்களைக் காப்பாற்ற அப்போது ஊசியே வரவில்லை.

நீங்கள் தனி ஆளும் இல்லை. 2015-ல் நாடு முழுக்க எடுத்த ஆய்வில், நூற்றுக்கு ஆறரைப் பேருக்கு இந்தக் கிருமி இருந்தது. உங்கள் ஊர்த் திருவிழாவுக்கு ஆயிரம் பேர் வந்தால் அதில் அறுபது, எழுபது பேரிடம் இருக்கலாம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர்களில் பெரும்பாலானவர்களுக்கு அது தெரியாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், கணவர் கோபித்துக்கொண்டாலும். தாம்பத்திய உறவாலும் இது பரவும் என்பது உண்மைதான். ஆனால் அவர் வருடா வருடம் காவடி எடுத்து அலகு குத்திக்கொள்பவர் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஒருவருக்குக் குத்திய அலகை விபூதியில் துடைத்து அடுத்தவருக்குக் குத்தும் வழக்கம் உங்கள் கோயிலில் இருந்தால், கிருமி போவதற்கு அதைவிட நல்ல வழி தேவையில்லை. விபூதிக்கும் எலுமிச்சம்பழத்துக்கும் இந்தக் கிருமி சாகாது. காய்ந்த ரத்தத்தில்கூட ஏழு நாள் வரைக்கும் உயிரோடிருக்கும். நாவிதரின் பழைய பிளேடு, பச்சை குத்தும் ஊசி, காய்ச்சலுக்கு ஊர் ஊராக வந்து ஊசி போடுபவரின் மாற்றாத சிரிஞ்சு எல்லாமே இந்தப் பட்டியலில் உண்டு. நாளைக்கு அவருக்கும் கிருமி இருப்பதாகத் தெரிந்தால், அது உங்களிடமிருந்து போனது என்றும் சொல்ல முடியாது, அவரிடமிருந்து உங்களுக்கு வந்தது என்றும் சொல்ல முடியாது. யார் மேல் பழி என்று தேடுவதில் இந்த நோய்க்கு உதவி எதுவும் இல்லை. அடுத்த நான்கு மாதத்துக்குச் செய்ய வேண்டிய வேலை நிறைய இருக்கிறது.

தட்டும் டம்ளரும்

இந்தப் பகுதியை உங்கள் மாமியாருக்கு வாசித்துக் காட்டுங்கள். அவருக்கென்றே எழுதுகிறேன்.

அம்மா, நீங்கள் பயந்ததில் தப்பில்லை. மஞ்சள் காமாலை என்று நாம் ஒரே பெயரில் சொல்வது உண்மையில் பல கிருமிகளின் வேலை. அதில் ஏ, இ என்ற இரண்டும் அசுத்தத் தண்ணீரிலும் சாப்பாட்டிலும் வரும். உங்கள் மருமகளுக்கு இருப்பது பி. அது ரத்தத்தாலும், உடலுறவாலும், பிரசவத்தில் தாயிடமிருந்து பிள்ளைக்கும் பரவுவது. ஒரே தட்டில் சாப்பிடுவதால் வராது. ஒரே டம்ளரில் குடிப்பதால், அவர் சமைத்த குழம்பைச் சாப்பிடுவதால், இருமலால், கட்டிப்பிடிப்பதால், ஒரே பாயில் படுப்பதால் வராது. துணியைச் சேர்த்தே துவைக்கலாம். டம்ளரில் கட்டிய நூலை அவிழ்த்துவிடுங்கள்.

தனியாக வைக்க வேண்டியவை வேறு: பல் துலக்கும் பிரஷ், சவர பிளேடு, நகவெட்டி, காது குத்தும் ஊசி, மூக்குத்தி, தோடு. ரத்தம் படக்கூடிய சாமான்கள் அத்தனையும். கையில் வெட்டுக்காயம் பட்டால் மூடிக் கட்ட வேண்டும். தரையில் ரத்தம் சிந்தினால் கையுறையோ பிளாஸ்டிக் பையோ மாட்டிக்கொண்டு, பிளீச்சிங் கரைசல் ஊற்றிச் சிறிது நேரம் விட்டுத் துடைக்க வேண்டும். அவ்வளவுதான். தண்ணீரைக் காய்ச்சிக் கொடுக்கிறீர்களாம், அதை நிறுத்தாதீர்கள். பி கிருமிக்காக அது தேவையில்லை, ஆனால் கர்ப்பிணிக்கு இ கிருமி வந்தால் உயிருக்கே ஆபத்தாகலாம். அதற்குக் காய்ச்சிய தண்ணீர்தான் காவல். அப்புறம், நீங்களும் ஒருமுறை ரத்தம் பார்த்துக்கொள்ளுங்கள். கிருமி இல்லையென்றால் மூன்று தவணைத் தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள். அதன்பின் வீட்டில் நீங்கள் பயப்பட ஒன்றுமில்லை.

குழந்தைக்குப் போகாமல் இருக்க

ஒன்றுமே செய்யாமல் விட்டால், சில தாய்மார்களின் குழந்தைகளில் பத்துக்கு ஏழு முதல் ஒன்பது பேருக்குப் போகும். சிலருடைய குழந்தைகளில் பத்துக்கு ஒன்று முதல் நான்கு பேருக்குத்தான் போகும். தாயின் ரத்தத்தில் கிருமி எவ்வளவு இருக்கிறது என்பதில்தான் அந்த வித்தியாசம். உங்களுக்கு இதுவரை எடுத்தது எச்பிஎஸ்ஏஜி என்ற ஒரே பரிசோதனை. கிருமி இருக்கிறதா, இல்லையா என்பதை மட்டும் அது சொல்லும். இன்னும் வேண்டியவை: கிருமியின் அளவைச் சொல்லும் வைரல் லோடு; அது கிடைக்காவிட்டால், கிருமி மும்முரமாகப் பெருகுகிறதா என்று காட்டும் எச்பிஇஏஜி; கல்லீரல் நிலையைச் சொல்லும் ஏஎல்டி; சிறுநீரகத்துக்கான கிரியாட்டினின்; எச்ஐவி பரிசோதனை; வயிற்று ஸ்கேன்.

எச்ஐவி எதற்கு என்று திடுக்கிட வேண்டாம். உங்களுக்குத் தேவைப்படக்கூடிய டெனோஃபோவிர் என்ற மாத்திரை இரண்டு நோய்க்கும் பயன்படுவது. எச்ஐவி இருப்பது தெரியாமல் இதை மட்டும் தனியாகச் சாப்பிட்டால் அந்த நோய்க்கு மருந்து வேலை செய்யாமல் போய்விடும். அதனால்தான் முதலிலேயே பார்த்துவிடுகிறோம். இதில் ஒரு வீட்டு ஆபத்தும் இருக்கிறது. மாத்திரை டப்பாவின் பெயரை யாராவது போனில் தேடிப் பார்த்துவிட்டு, “இது எய்ட்ஸ் மருந்தாமே” என்று அடுத்த பஞ்சாயத்தைத் தொடங்குவார்கள். மாத்திரை வாங்கும் அன்றே கணவரிடம் இதைச் சொல்லிவிடுங்கள்.

வைரல் லோடு ஒரு மில்லிக்கு இரண்டு லட்சம் ஐயுவுக்கு (கிருமியை அளக்கும் அலகு) மேல் இருந்தாலோ, எச்பிஇஏஜி பாசிட்டிவ் என்று வந்தாலோ, மாத்திரை தொடங்க வேண்டும். தினமும் ஒன்று, பிரசவம் வரைக்குமாவது. கர்ப்பத்தின் நான்காம் மாதத்திலிருந்தே தொடங்கலாம். பெரும்பாலும் ஏழாம் மாதத்துக்குள் தொடங்கிவிடுகிறோம். நீங்கள் இப்போது ஐந்தில் இருக்கிறீர்கள், நேரம் இருக்கிறது, ஆனால் வீணாக்க அதிகம் இல்லை. இந்த இரண்டு பரிசோதனையும் கிடைக்காத ஊரில், கிருமி உள்ள கர்ப்பிணிகள் எல்லாருக்குமே மாத்திரை கொடுக்கலாம் என்று உலக சுகாதார அமைப்பு 2024-ல் வெளியிட்ட வழிகாட்டுதல் சொல்கிறது. “பரிசோதனை வசதி இல்லை, அதனால் மருந்தும் இல்லை” என்று யாராவது கையை விரித்தால் இதைச் சொல்லிக் கேளுங்கள். கர்ப்பத்தில் இந்த மாத்திரை நீண்டகாலமாகப் பயன்பாட்டில் உள்ளது. குழந்தைக்குக் கெடுதல் என்ற பயம் தேவையில்லை. நீங்களாக நிறுத்துவதுதான் கெடுதல்: நிறுத்தியதும் சிலருக்குக் கல்லீரல் அழற்சி திடீரென்று கிளம்பும். பிரசவத்துக்குப் பிறகு சில மாதங்களுக்கு ஏஎல்டி பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதும் அதற்காகத்தான்.

பிரசவ அறையில் இரண்டு ஊசிகள். ஒன்று, நான் முதலில் சொன்ன தடுப்பூசி. அது கட்டாயம். மற்றது இம்யூனோகுளோபுலின், கையோடு எதிர்ப்புச் சக்தியைக் கொடுப்பது. விலை அதிகம், எல்லா இடத்திலும் கிடைக்காது. கிடைத்தால் முதல் 12 மணி நேரத்துக்குள் இரண்டையும் வேறு வேறு தொடையில் போடுவார்கள். அது கிடைக்கவில்லையே என்று மனம் உடைய வேண்டாம்: வைரல் லோடு குறைவாக உள்ள தாய்க்கும், மாத்திரையால் குறைத்துக்கொண்ட தாய்க்கும், நேரத்தில் போட்ட தடுப்பூசியே மிகப் பெரிய பாதுகாப்பு. பிறகு தடுப்பூசி அட்டையில் உள்ள தேதிகளில் மீதித் தவணைகள். எல்லாம் முடிந்தபின், குழந்தைக்கு ஒன்பது மாதம் முதல் ஒரு வயதுக்குள் ரத்தம் எடுத்து, கிருமி இல்லை, எதிர்ப்புச் சக்தி வந்துவிட்டது என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

இந்தக் கிருமிக்காக மட்டும் வயிற்றைக் கிழித்துக் குழந்தையை எடுக்க வேண்டியதில்லை. தாய்ப்பால் தாராளமாகக் கொடுக்கலாம். மாத்திரை சாப்பிட்டுக்கொண்டே கொடுக்கலாம். “கொடுக்காதே” என்று சொன்னவர் யாராக இருந்தாலும், நல்ல எண்ணத்தில் சொல்லியிருந்தாலும், அது தவறான ஆலோசனை. மார்பில் வெடிப்பு வந்து ரத்தம் கசிந்தால், ஆறும் வரை அந்தப் பக்கத்தைத் தவிர்த்துக்கொள்ளலாம். ஊசி போட்ட குழந்தைக்கு அதனாலும் பெரிய பயமில்லை. பெண் குழந்தை பிறந்து காது குத்துவதானால் உறை பிரிக்காத புது ஊசி.

மருத்துவமனை விஷயத்தில் ஒன்று. 2021 ராணுவக் கவிழ்ப்புக்குப் பிறகு நம் அரசு மருத்துவமனைகள் பலவற்றில் ஆள் குறைவு என்பது உங்களுக்கே தெரியும். அதனால் வலி வந்தபின் வண்டி தேடாமல், ஏழாம் மாதத்திலேயே மோல்மேனில் ஓர் இடத்தை முடிவு செய்து, நேரில் போய் மூன்று கேள்வி கேளுங்கள்: பிறந்த அன்றே போடும் ஹெபடைட்டிஸ் பி ஊசி கையிருப்பில் இருக்குமா? விடுமுறை நாளிலும் போடுவீர்களா? எனக்கு இந்தக் கிருமி இருக்கிறது, பிரசவம் பார்ப்பீர்களா? கடைசிக் கேள்வியை மறைக்காதீர்கள். மறைத்தால் ஊசி நேரத்துக்குக் கிடைக்காது. இந்தக் கிருமி இருப்பதற்காகப் பிரசவம் பார்க்க மறுப்பது மருத்துவ நெறிப்படி தப்பு. கையுறை, சுத்தமான கருவி என்பதெல்லாம் எல்லா நோயாளிக்கும் பொதுவான ஏற்பாடுதான். ஆனாலும் மறுக்கும் இடங்கள் இருக்கின்றன. மறுப்பதாக இருந்தால் ஏழாம் மாதத்திலேயே தெரிந்துவிடுவது நல்லது, வேறு இடம் பார்க்கலாம். வரிசையில் உங்கள் முடிவைச் சத்தமாகச் சொன்னதும் தப்புத்தான். அடுத்த முறை, “முடிவை அறைக்குள்ளே வந்து சொல்லுங்கள், ஸயாமா” என்று, பர்மியில் மரியாதையாக அழைக்கும் அந்தச் சொல்லோடு முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

கீழாநெல்லி

இதைக் கிண்டல் செய்ய நான் தயாரில்லை. கிண்டல் செய்ய முடியாத வரலாறு இதற்கு இருக்கிறது. ஹெபடைட்டிஸ் பி கிருமியைக் கண்டுபிடித்து 1976-ல் நோபல் பரிசு வாங்கிய பாருக் புளூம்பெர்க், சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ். பி. தியாகராஜனோடு சேர்ந்து நம் கீழாநெல்லியை ஆராய்ந்தார். 1988-ல் லான்செட் மருத்துவ இதழில் முடிவு வந்தது: சாப்பிட்டவர்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்குக் கிருமி மறைந்ததாக. உலகமே திரும்பிப் பார்த்தது. பிறகு வேறு வேறு நாடுகளில் அதே சோதனையைச் செய்தபோது அந்தப் பலன் திரும்ப வரவில்லை. அதனால்தான் இன்றைக்கு மருத்துவர்கள் இதை எழுதிக் கொடுப்பதில்லை. நம் பச்சிலை என்ற இளப்பத்தினால் இல்லை.

“பக்கத்து வீட்டுக்காரருக்குக் கீழாநெல்லியில் குணமானதே” என்பார்கள். அவருக்கு வந்தது பெரும்பாலும் தண்ணீரில் வரும் ஏ கிருமியாக இருந்திருக்கும். அது மருந்தே இல்லாமல் சில வாரங்களில் தானாகப் போவது; பெயர் கீழாநெல்லிக்குப் போய்விடுகிறது. வயிற்றில் குழந்தை இருக்கும்போது அளவு தெரியாத எந்தப் பச்சிலையும் வேண்டாம். பாலை மட்டும் வாங்கிக் குடியுங்கள். பத்தியத்தையும் விடுங்கள். கர்ப்பிணிக்கு மீனை நிறுத்துவது சத்தை நிறுத்துவதுதான். கையில் சூடு போட்டால் காமாலை இறங்கும் என்று யாராவது கிளம்பினால், வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

கணவரும் மலேசியாவும்

ஏஜென்டின் யோசனை ஏஜென்டுக்கு நல்லது. கமிஷன் கைக்கு வந்துவிடும். மலேசியாவுக்குப் போகும் வெளிநாட்டுத் தொழிலாளருக்கு அங்கே இறங்கியபின்பும் மருத்துவப் பரிசோதனை உண்டு, அதில் ஹெபடைட்டிஸ் பியும் உண்டு. இங்கே வேறு ஒருவரின் ரத்தத்தைக் கொடுத்துத் தப்பித்தாலும் அங்கே தெரிந்துவிடும். கடன் வாங்கிக் கட்டிய பணமும் போய், ஊருக்குத் திரும்பி வருவதைவிட, இப்போதே தெரிந்துகொள்வது மலிவு. அவர் தெரிந்துகொள்ளாமல் இருப்பதால் கிருமி இல்லாமல் ஆகிவிடாது.

அவர் எச்பிஎஸ்ஏஜியோடு, எதிர்ப்புச் சக்திக்கான இரண்டு பரிசோதனைகளையும் செய்துகொள்ளட்டும். முன்பே வந்து, போய்விட்டது என்று தெரிந்தால் அவருக்கு ஊசியே வேண்டாம், பயமும் வேண்டாம். எதுவுமே இல்லையென்றால் உடனே தடுப்பூசி: முதல் நாள், ஒரு மாதம் கழித்து, ஆறாம் மாதம் என்று மூன்று தவணை. அது முடியும் வரை உறவில் ஆணுறை. இதில் ஒரு நுணுக்கம். ஊசி போட்ட சில நாட்களுக்கு, ஊசியில் உள்ள பொருளே ரத்தத்தில் தெரிந்து, கிருமி இருப்பதுபோல் பரிசோதனை காட்டலாம். வேலைக்கான மருத்துவப் பரிசோதனை இருந்தால், ஊசிக்கும் அதற்கும் குறைந்தது மூன்று வாரம் இடைவெளி விடச் சொல்லுங்கள். இது தெரியாமல் வேலை வாய்ப்பை இழப்பவர்கள் உண்டு.

கிருமி இருக்கிறது என்று வந்தால், அந்த வேலை கைநழுவும். அந்த அடியைச் சின்னதாகக் காட்ட எனக்கு விருப்பமில்லை. ஆனால் இந்தப் பரிசோதனையை எல்லா நாடும் எல்லா வேலைக்கும் கேட்பதில்லை; அடுத்த முன்பணம் கட்டுவதற்கு முன்னால் அந்த நாட்டு விதியைக் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். அவர் அப்பாவாக இங்கே இருப்பதும் இழப்பில்லை.

அவர் உங்களோடு வர மறுத்தால்? சண்டை போடாமல், மருத்துவரே அவரிடம் பேசும்படி ஏற்பாடு செய்யுங்கள். மனைவி சொன்னால் ஏறாத கணக்கு, வெள்ளைக் கோட்டுப் போட்டவர் சொன்னால் ஏறிவிடுகிறது. நியாயமில்லைதான், பலன் இருக்கிறது.

அம்மா மாதிரி ஆகிவிடுமா?

கட்டாயம் என்று ஒன்றும் இல்லை. சிறு வயதிலிருந்து கிருமியோடு வாழ்பவர்களில் ஏறக்குறைய கால்வாசிப் பேருக்குத்தான், கவனிக்காமல் விட்டால், கல்லீரல் சுருங்குவதோ புற்றுநோயோ வருகிறது. மற்றவர்கள் பெரிய தொந்தரவு இல்லாமல் வயதாகிறார்கள். நீங்கள் எந்தப் பக்கம் என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. இந்தக் கிருமிக்குப் பல வருடம் அறிகுறியே இருக்காது. “நன்றாகத்தானே இருக்கிறேன்” என்ற பேச்சுக்கு இதில் மதிப்பில்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை ரத்தமும், மருத்துவர் சொல்லும் இடைவெளியில் ஸ்கேனும். கிருமியை அடியோடு ஒழிக்கும் மருந்து இன்னும் இல்லை. அடக்கி வைக்கும் மாத்திரை இருக்கிறது, உங்கள் தாயாருக்கு அது கிடைக்கவில்லை. தேவை என்றால் பிரசவத்துக்குப் பின்னும் தொடர வேண்டியிருக்கும்.

கண் மஞ்சளாவது, சிறுநீர் கட்டங்காப்பி நிறமாவது, விடாத வாந்தி, வயிறு வீக்கம், கறுப்பாக மலம், தூக்கக் கலக்கம்போல் மயக்கம்: இவற்றில் ஒன்று வந்தாலும் அடுத்த பரிசோதனைத் தேதிக்குக் காத்திருக்காமல் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.

உங்கள் அண்ணனைப் பற்றித்தான் எனக்கு உங்களைவிட அதிகக் கவலை. இந்தக் கிருமியும் சாராயமும் ஒரே கல்லீரலில் இருக்கக் கூடாது. அவருக்குக் கண் மஞ்சளாகிறது என்றால் ஏற்கெனவே தாமதம்தான், ஆனால் காலம் கடந்துவிடவில்லை. இந்த மாதமே ரத்தமும் ஸ்கேனும் எடுக்க வேண்டும். குடியை நிறுத்துவதைத் தனியாக முயன்று திடீரென்று விட்டால் சிலருக்குக் கைநடுக்கம், வலிப்பு வரும். அதையும் மருத்துவரிடம் சொல்லியே செய்யட்டும்.

நீங்கள் கேட்காத ஒன்று

மூத்த மகன். வீட்டில் பிறந்தவன், பிறந்த அன்று ஊசி போடாதவன். நீங்கள் அவனைப் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. பயத்தில் மறந்திருப்பீர்கள், அல்லது கேட்கவே பயந்திருப்பீர்கள். பிறகு போட்ட தடுப்பூசிகளின் அட்டை இருந்தால் எடுத்து வையுங்கள். அட்டையில் எல்லாத் தவணையும் இருந்தாலும் அவனுக்கு ரத்தப் பரிசோதனை வேண்டும், ஏனென்றால் அந்த ஊசிகள் தொடங்கும் முன்பே கிருமி போயிருக்கலாம். கிருமி இல்லை, எதிர்ப்புச் சக்தியும் இல்லை என்றால் தவணைகளை இப்போது போட்டுவிடலாம். இருக்கிறது என்று வந்தால், அவனுக்கு இந்த வயதில் பெரும்பாலும் மருந்து தேவைப்படாது, வருடாவருடம் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அவன் பள்ளிக்கூடம் போகலாம், எல்லாப் பிள்ளைகளோடும் விளையாடலாம், ஒரே டப்பாவில் சாப்பிடலாம். பள்ளியில் அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும் என்றும் இல்லை. தயவுசெய்து அவன் தட்டையும் தனியாக எடுத்து வைக்க விட்டுவிடாதீர்கள்.

அவனை ரத்தம் எடுக்கக் கூட்டிப் போகும் அன்றே அண்ணனையும் கையோடு இழுத்துக்கொண்டு போங்கள். தனியாக இன்னொரு நாள் என்றால் வர மாட்டார். முடிவுகள் வந்ததும், பெயரை மறைத்துவிட்டு எண்களை மட்டும் எழுதி அனுப்புங்கள். வைரல் லோடை எழுதும்போது பக்கத்தில் ஐயு என்று போட்டிருக்கிறதா, காப்பி (copies, கிருமியை எண்ணும் இன்னொரு அலகு) என்று போட்டிருக்கிறதா என்பதையும் சேர்த்து எழுதுங்கள். ஒரு ஐயு என்பது ஏறக்குறைய ஐந்து காப்பி. பூஜ்யங்களை இரண்டு தடவை எண்ணிப் பாருங்கள். இருபதாயிரமா இரண்டு லட்சமா என்பதை வைத்துத்தான் மாத்திரை வேண்டுமா என்று முடிவு செய்ய வேண்டியிருக்கும்.